கம்பைலர் தகராறுக்காக உபுண்டுவை அழிக்காதீர்கள்

கேள்வி: இறுதியாண்டு பொறியியல் படிக்கிறேன். என் லேப்டாப்பில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, இயங்குதளம் உபுண்டு 24.04. புராஜெக்டுக்காக, அந்தக் கார்டில் நிரல் ஓட்ட உதவும் கியூடா 11.8 தொகுப்பை நிறுவினேன். நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற கம்பைல் செய்தால், ‘ஜிசிசி 11-க்கு மேற்பட்ட பதிப்புகள் ஏற்கப்படுவதில்லை’ என்று நின்றுவிடுகிறது. ஜிசிசி கம்பைலரின் 11-ஆம் பதிப்பையும் நிறுவிப் பார்த்துவிட்டேன், அதே பிழை. கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையோ கியூடா 12.4 என்கிறது. உபுண்டுவை இரண்டு முறை அழித்துப் போட்டாயிற்று. மூன்றாம் முறையும் போடட்டுமா?
*– மாணவி, விருதுநகர்*

பதில்: போடாதீர்கள். உங்கள் உபுண்டுவில் ஒரு பழுதும் இல்லை, கார்டும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு முறை அழித்ததில் எந்தெந்தக் கோப்புகள் போயினவோ என்று எனக்குத்தான் மனம் பதைக்கிறது.

முதலில் அந்த 12.4-ஐ ஒதுக்கி வையுங்கள். அது நீங்கள் நிறுவிய கியூடாவின் எண் அல்ல. கார்டை இயக்கும் உங்கள் டிரைவர் மென்பொருள் எந்தக் கியூடா வரை தாங்கும் என்பதைச் சொல்லும் எண். 12.4 வரை தாங்கும் டிரைவருக்கு 11.8 ஒரு சுமையே இல்லை. நிறுவியிருப்பது எது என்று தெரிய வேண்டுமானால் கியூடாவின் கம்பைலரான என்விசிசியிடம்தான் பதிப்பைக் கேட்க வேண்டும்.

இந்த என்விசிசி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. உங்கள் நிரலில் கார்டில் ஓட வேண்டிய பகுதியைத் தான் எடுத்துக்கொண்டு, சிபியுவில் ஓட வேண்டியதை ஜிசிசியிடம் ஒப்படைக்கும். கியூடா 11.8 வந்தது 2022 அக்டோபரில். ஜிசிசி 13 வந்தது 2023 ஏப்ரலில், உபுண்டு 24.04 தருவது இதைத்தான். தனக்குப் பின் பிறந்த கம்பைலரை 11.8 எப்படி அறியும்? அதனால்தான் கியூடாவின் தலைப்புக் கோப்பு ஒன்று ஜிசிசியின் பதிப்பு எண்ணைப் பார்த்ததும் வாசலிலேயே மறித்துவிடுகிறது.

ஜிசிசி 11-ஐ நிறுவிய பிறகும் ஏன் அதே பிழை? நிறுவியதால் மட்டும் அது வேலைக்கு வந்துவிடாது. ‘ஜிசிசி’ என்று வெறுமனே கூப்பிட்டால் இன்னமும் வந்து நிற்பது 13-தான். ஜிசிசி-11 மட்டும் போதாது, அதன் சி++ கம்பைலரான ஜி++-11-உம் வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு ‘கியூடா’, ‘ஹோஸ்ட்’, ‘சிஎக்ஸ்எக்ஸ்’ என்ற மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இடைவெளியின்றிச் சேர்த்தால் வரும் சூழல் மாறியில் (கம்பைல் கருவிகள் படித்துக்கொள்ளும் அமைப்பில்) ஜி++-11-இன் முழுப் பாதையையும் கொடுங்கள்.

கொடுத்ததும் பழைய பில்டு கோப்புறையை முழுவதுமாக நீக்கிவிட்டு, கம்பைல் வேலையை அமைத்துத் தரும் சிமேக்கைப் புதிதாக ஓட்டுங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சிமேக் அந்த மாறியை முதல் முறை ஓடும்போது மட்டுமே பார்க்கும். அதன்பின் தன் கேஷ் கோப்பில் எழுதிவைத்ததையே நம்பும். போன ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் இரவு 11 மணி வரை இதே பிழையோடு உட்கார்ந்திருந்தார். மாறியைச் சரியாகத்தான் மாற்றியிருந்தார். கேஷ் கோப்பைத் திறக்கச் சொன்னேன். ஹோஸ்ட் கம்பைலர், அதாவது சிபியு பகுதிக்கான கம்பைலர், என்ற வரியில், முந்தின நாள் அவரே வேறொரு வேலைக்காகக் கொடுத்த ஜி++-12 அப்படியே இருந்தது. கோப்புறையை நீக்கி மறுபடி ஓட்டினார். முதல் முயற்சியிலேயே கம்பைல் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இன்னொன்று. பதிப்புச் சோதனையைத் தவிர்க்க ஒரு வழியை அந்தப் பிழைச் செய்தியே காட்டும். அதே செய்தியில், அப்படிச் செய்தால் நிரல் தவறாக ஓடலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. கம்பைல் ஆகாத நிரலைவிடத் தவறான விடை தரும் நிரல் கொடியது. புராஜெக்டுக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சாதாரண டெர்மினலில் என்விசிசி சரியாக வேலை செய்கிறது. மென்பொருள்களைத் தனித்தனிச் சூழல்களில் வைக்கும் கோண்டாவின் சூழலுக்குள் போனால் வேறு பதிப்பு காட்டுகிறது. எது உண்மை?
*– வாசகர், சேலம்*

பதில்: இரண்டுமே உண்மை. உங்களிடம் இரண்டு என்விசிசி இருக்கின்றன. கோண்டா தன் கோப்புறையை, கணினி கட்டளைகளைத் தேடும் பாதையின் முன்னால் வைப்பதால், உள்ளே போனதும் அதனுடையது முந்திக்கொள்கிறது. ‘விச் என்விசிசி’ என்று இரண்டு இடத்திலும் கேட்டுப் பாருங்கள், பாதை வேறுபடும். எந்தச் சூழலில் கம்பைல் செய்யத் தொடங்குகிறீர்களோ அதிலேயே முடியுங்கள். பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் செய்தால் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஜிடிஎக்ஸ் 1050. கியூடா 13 போடலாமா?
*– வாசகர், மதுரை*

பதில்: முடியாது. உங்களுடையது பாஸ்கல் வகைக் கார்டு, அதன் திறன் எண் 6.1. கியூடா 13 கேட்பது 7.5-உம் அதற்கு மேலும். 12.9 வரை உங்கள் கார்டுக்குக் கம்பைல் செய்யலாம். சிமேக்கில் கட்டமைப்பு எண்ணாக 61 என்று கொடுங்கள். கற்றுக்கொள்ள அந்தக் கார்டு தாராளமாகப் போதும், இப்போதே புதிது வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.