முதல்முறையாக வீட்டிலேயே கேமிங் பிசி அசெம்பிள் செய்கிறேன், எதில் காசை மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வியில் மற்றதெல்லாம் சரி. பட்ஜெட் 60,000 ரூபாய், 1080பி மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது, வீடியோ பார்த்து நீங்களே பூட்டப் போகிறீர்கள். கடைசி வரியில்தான் எனக்குச் சுருக்கென்றது: "எஸ்.எம்.பி.எஸ், கேபினட் மாதிரி பெர்ஃபார்மன்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஐட்டங்களில் எவ்வளவு குறைக்கலாம்?" (எஸ்.எம்.பி.எஸ் என்றால் சுவர் கரன்ட்டை பிசிக்குத் தேவையான சின்ன வோல்ட்டுகளாக மாற்றித் தருகிற பவர் பெட்டி.)

2022 நவம்பரில் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். பதில் சொன்ன எல்லாரும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியே பேசினார்கள். எஸ்.எம்.பி.எஸ் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஹார்டுவேர் ஆள் இல்லை. பி.காம். படித்துவிட்டு விழுப்புரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. "இவனுக்கு என்ன தெரியும்" என்று வருகிறவர்கள் தாராளமாக வரலாம். மொத்தம் மூன்று பிசிதான் கட்டியிருக்கிறேன். அதில் முதலாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது, அதையும் அடித்துக் கற்றுக்கொடுத்தது.

நீங்கள் வீட்டில் "படிப்புக்கு" என்று சொல்லியிருப்பீர்கள். நான் அம்மாவிடம் "வீடியோ எடிட்டிங் கத்துக்கப் போறேன்" என்று சொன்னேன். ஆறு மாதம் சேர்த்த காசு. ஞாயிற்றுக்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் (கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைத்தெரு) பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும் என்று சொன்னதால் சனிக்கிழமை லீவு போட்டு, காலை ரயிலில் எழும்பூர் போய் இறங்கினேன். கையில் ஒரு லிஸ்ட். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். லிஸ்ட் நல்ல லிஸ்ட்தான். தெருவுக்குள் நுழைந்து நான்கு கடை ஏறி இறங்குவதற்குள் அதில் இரண்டு வரி மாறிவிட்டது.

ஒரு கடையில், "பி550 எதுக்கு சார், பி450லயே இதே ப்ராசஸர் ஓடும், ரெண்டாயிரம் மிச்சம்" என்றார்கள். ஓடும் என்பது பொய் இல்லை. ஆனால் அந்த போர்டு 2018-இல் வந்த வகை, 5600 ப்ராசஸர் 2022-இல் வந்தது. போர்டில் பழைய பயாஸ் (பிசியை எழுப்பிவிடுகிற, போர்டிலேயே பதிந்த சாஃப்ட்வேர்) இருந்தால் இந்த ப்ராசஸரை அதற்கு அடையாளமே தெரியாது. அட்டைப்பெட்டி மேல் "ரைசன் 5000 ரெடி" என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு கடையில் 3,200 ரூபாய்க்குக் கண்ணாடி வைத்த கேபினட், மூன்று கலர் ஃபேன், "உள்ளேயே 500 வாட் எஸ்.எம்.பி.எஸ் ஃப்ரீ". தனியாக நல்லதாக வாங்கினால் நாலாயிரத்துக்கு மேல் ஆகும். "பில் வேணாம்னா இன்னும் 300 குறைச்சுக்கலாம்." ஊரார் பில்லையெல்லாம் உட்கார்ந்து சரிபார்க்கிற நான், 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதைத் தூக்கத்தில்கூடச் சொல்கிற நான், தலையாட்டினேன். இதை எங்கள் ஆடிட்டர் சாரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்தது. அந்தச் செப்டம்பரில்தான் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் (கணக்குப் போடவிட்டுக் காசு ஈட்டும்) முறையை விட்டு மாறியிருந்தது. அதனால் தோண்டிக் களைத்த பழைய கார்டுகள் விலைக்கு வந்துகொண்டிருந்தன. ஒருவர் பெரிய கார்டு ஒன்றைக் குறைந்த விலைக்கு நீட்டினார். ராத்திரி பகலாக ஓடியதை எனக்கு எதற்கு என்று புதியதாகவே வாங்கினேன், 25,000 ரூபாய். கார்டை வாங்கிய பிறகு ஒரு சங்கடம். அதற்கு எட்டு பின் பவர் ஒயர் வேண்டும், "ஃப்ரீ" எஸ்.எம்.பி.எஸ்ஸில் அந்த ஒயரே இல்லை. திரும்பப் போய்க் கேட்டதும், இரண்டு மோலெக்ஸை (பழைய நான்கு பின் பவர் இணைப்பு) எட்டு பின்னாக மாற்றுகிற ஒட்டு ஒயர் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதைப் போட்டுக்கங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த ஒயர் இல்லாத எஸ்.எம்.பி.எஸ், அப்படி ஒரு கார்டுக்காகச் செய்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து தம்பியும் நானும் ராத்திரி பதினொன்றரை வரை பூட்டினோம். சுவிட்சைப் போட்டதும் மூன்று கலரில் ஃபேன் சுற்றியது. மானிட்டரில் ஒன்றும் இல்லை. போர்டின் ஓரத்தில் "சிபியு" என்ற இடத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு. 5600-இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் படம் வராது, அதனால் கோளாறு கார்டிலா ப்ராசஸரிலா என்று பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. கூலரைக் கழற்றினேன், பேஸ்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பின் ஒன்றும் வளையாதது என் நல்ல நேரம். (5600 மாதிரி ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸர் வாங்கினால் கூலரை நேராக இழுக்காதீர்கள், லேசாக இப்படியும் அப்படியும் திருகி எடுங்கள்.)

அடுத்த சனிக்கிழமை மறுபடி லீவு, மறுபடி ரயில். போர்டையும் ப்ராசஸரையும் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். கடையில் ஒரு பழைய ப்ராசஸரைச் செருகிப் பத்தே நிமிடத்தில் பயாஸை அப்டேட் செய்துவிட்டு 500 ரூபாய் கேட்டார்கள். முதல் நாளே செய்து கொடுத்திருக்கலாமே என்றதற்கு, "நீங்க கேக்கலையே சார்." சரிதான், நான் கேட்கவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க இப்படித்தான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே தெருவில் என்னிடம் பத்து ரூபாய்கூட வாங்காமல் ஸ்டாண்ட்ஆஃப் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்த கடையும் உண்டு. "ஆன்லைனில் வாங்கியிருக்கலாமே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கேயும் பழைய பயாஸ் போர்டு வரும், துண்டில் சுற்றிக்கொண்டு போக ஒரு கவுன்டர்தான் இருக்காது.

அப்புறம் டிஸ்ப்ளே வந்தது. வேலரன்ட் என்ற கேம் பறந்தது. வேறு பெரிய கேம் எதைத் திறந்தாலும் பத்தாவது நிமிடம், இருபதாவது நிமிடம், டப் என்று மொத்தமும் அணைந்துவிடும். நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, கரன்ட் போன மாதிரி. சூடு என்று நினைத்து ஃபேன் வாங்கினேன். டிரைவர் என்று நினைத்து விண்டோஸைத் திரும்பப் போட்டேன். கார்டு கோளாறு என்று தம்பி தீர்ப்பே எழுதிவிட்டான். மூன்று வாரம் இப்படிப் போனது.

கடைசியில் பக்கத்துத் தெரு சர்வீஸ் கடை அண்ணன் வந்து எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் கணக்கா இருக்கு." நல்ல எஸ்.எம்.பி.எஸ் கையில் கனக்குமாம். அப்புறம் பக்கவாட்டு லேபிளைக் காட்டினார். நீங்களும் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கிற 500 வாட்டை விட்டுவிட்டு, +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். என்னுடையதில் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். என் கார்டுக்கு 132 வாட், ப்ராசஸருக்கு 65 வாட் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். அதுவே 197. இது போக, கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும். லேபிளில் மிச்சமுள்ள வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் எழுதி நிரப்பியது, இன்றைய பிசிக்கு அது அதிகம் தேவைப்படுவதே இல்லை. வேலரன்ட் லேசான கேம், கார்டு முழு மூச்சாக இழுக்கவில்லை, அதனால் தப்பித்தது. பில் இல்லாததால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. 4,100 ரூபாய்க்கு 80 ப்ளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான தரச்சான்று) போட்ட 550 வாட் ஒன்று வாங்கினேன், 12 வோல்ட்டில் மட்டும் 45 ஆம்பியர். அன்று முதல் ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

ஆரம்பத்திலிருந்தே கேபினட்டைத் தொட்டால் விரலில் ஒரு குறுகுறுப்பு இருந்தது. மட்டமான எஸ்.எம்.பி.எஸ், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். புதியது போட்ட மூன்றாம் நாள், அம்மா ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே கேபினட்டையும் துடைக்கப் போனார். வெறுங்கால். "சுருக்குனு அடிக்குதுடா" என்று கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தவர் கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "எனக்கும் அடிக்கும்மா, அது அப்படித்தான்" என்று நான் முன்பே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்து அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்தார். ஹோல்டரில் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப்தான் அவருடைய கருவி. ஒரு ஒயரை ஃபேஸில், இன்னொன்றை எர்த்தில் வைத்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எங்கள் ஹால் பிளக்கில் எரியவே இல்லை. மேலே இருக்கிற பெரிய ஓட்டை வெறும் ஓட்டை, பின்னால் ஒயரே கிடையாது. எந்த எஸ்.எம்.பி.எஸ்ஸாக இருந்தாலும் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கேபினட் தகட்டோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகட்டில் பாதி மின்னழுத்தம், கிட்டத்தட்ட 115 வோல்ட், சும்மா நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் குறுகுறுப்போடு போகிறது. ஆனால் நிஜமாகவே உள்ளே ஷார்ட் ஆகும் நாளில் அதைக் கீழே இறக்கிவிட ஒன்றும் இருக்காது.

சமையலறை 16 ஆம்பியர் பிளக்கில் எர்த் இருந்தது. அங்கிருந்து ஹாலுக்கு ஒரு லைன் இழுக்க வேண்டும் என்றதும் ஹவுஸ் ஓனர் மேலே ஏறி வந்துவிட்டார். சுவரில் துளை போடக் கூடாதாம். நாற்பது வருஷமாக இந்த வீட்டில் யாருக்கும் ஷாக் அடித்ததில்லையாம். பேச்சோடு பேச்சாகக் கண்ணாடிக்குள் மின்னுகிற மூன்று கலரைப் பார்த்தவர், "இது ஏசி மாதிரி இழுக்குமே" என்று அடுத்த மாதத்திலிருந்து யூனிட்டுக்கு 7 ரூபாயாக இருந்ததை 9 ஆக்கிவிட்டார். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறதே, சப்-மீட்டர் வைத்திருக்கிற வீட்டில் குடியிருப்பவருக்கு அதில் ஒரு யூனிட்டாவது வந்திருக்கிறதா? என் பிசி கேம் ஓடும்போது 300 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு 18 யூனிட். ஒன்றரை டன் ஏசி அதைப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ரேட் குறையவில்லை. துளை போடாமல் சுவரோடு ஒட்டிய பிவிசி கேசிங்கில் லைன் இழுத்தோம், ஒயரோடு சேர்த்து 850 ரூபாய். கேள்விக்குச் சம்பந்தமில்லாததைப் பேசிவிட்டேன், ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்.

சரி, உங்கள் 60,000. எந்த ப்ராசஸர், எந்தக் கார்டு என்று மாடல் சொல்லப் போவதில்லை, இன்டெல்லா ஏஎம்டியா சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. அதோடு நான் வாங்கியது 2022 சந்தையில். அன்று 16 ஜிபி ராம் 4,600. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளத் தொடங்கியதிலிருந்து ராம் விலை எகிறிவிட்டது, பழைய வீடியோக்களில் வரும் கணக்கை நம்பி ரயில் ஏறாதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கலர் ஃபேனில் பிடியுங்கள், கண்ணாடியில் பிடியுங்கள். ப்ராசஸரோடு கூலர் வந்தால் தனியாக வேண்டாம், அதுவே ஆறு கோருக்குப் போதும். எஸ்எஸ்டி இப்போது 500 ஜிபி போதும், பிறகு ஒன்று சேர்க்கலாம். ராம் ஒன்றே பெரிதாக வாங்காமல் இரண்டாக வாங்கி, நான்கு ஸ்லாட் போர்டாக இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டிலும் நான்கிலும் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் செய்ய மறக்காதீர்கள். உங்கள் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸ் செட்டிங்கிலும் 144 இருக்கிறதா பாருங்கள், என் தம்பி நான்கு மாதம் 60-இலேயே ஆடிவிட்டு "என்ன ஸ்மூத்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குக் குறைந்தது நாலாயிரம் ஒதுக்கிவிட்டு மற்ற கணக்கைத் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். போர்டு வாங்கும்போது, "இந்த ப்ராசஸருக்கு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கா, இல்லைன்னா இங்கேயே பண்ணிக் கொடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரயில் ஏறுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எந்த பிளக்கில் மாட்டப் போகிறீர்களோ அதில் பல்பு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேபினட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ் ஏதாவது ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதன் லேபிளைப் படமெடுத்துப் போடுங்கள், 12 வோல்ட் வரியைப் பார்த்துச் சொல்கிறேன். ஃபிளாஷ் போடாமல் எடுங்கள், அந்த வரிதான் எப்போதும் வெளுத்துப் போகிறது.