ஜாக்-இன்-தி-பல்பிட் விதை ஏன் முளைக்கவில்லை?

இலையுதிர் காலத்தில் பறித்த விதையை வீட்டுக்குள் தொட்டியில் ஊன்றி இரண்டு மாதம் ஆகியும் முளை வரவில்லை என்கிறீர்கள். விதையில் குறை இருக்காது; அது இன்னும் குளிர்காலத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இது வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளரும் செடி. பனிக்கு முன்பே முளைத்தால் குருத்து கருகிவிடும். அதனால் குளிர் கடந்த பிறகே விதை விழிக்கும்.

முதலில் விதையை மூடியிருக்கும் சிவப்புப் பழச் சதையை நன்றாகக் கழுவி எடுங்கள். அது முளைப்பைத் தடுக்கும். கையுறை கட்டாயம். சேனையின் குடும்பம்தானே, அதே அரிப்பு! அப்புறம் ஈர மணலில் கலந்து (பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது) பையில் கட்டி, 60 முதல் 90 நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் வேண்டாம். பிறகு அரை அங்குல ஆழத்தில் ஊன்றி நிழலில் வைத்தால் போதும்.

முதல் வருடம் ஒரே ஓர் இலைதான் வரும். அதுவும் வாடிவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். மண்ணுக்குள் சின்னக் கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும். பூக்க மூன்று வருடமாவது ஆகும். டிரில்லியம் என்ற காட்டுப் பூச்செடியின் விதை இன்னும் பிடிவாதம்: முதல் குளிருக்குப் பின் வேர், இரண்டாவது குளிருக்குப் பின்தான் இலை.