முடிச்சூர் வீடா, ஊரப்பாக்கம் ஃபிளாட்டா?

கேள்வி: ஓய்வுபெற்று, மகன் வேலை பார்க்கும் சென்னைக்கே வரப்போகிறோம். முடிச்சூரில் தனி வீடு, ஊரப்பாக்கத்தில் ஃபிளாட், எதை வாங்கலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, முடிச்சூரில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு விட்டுத்தான் ஆட்களை மீட்டார்கள். அதற்காக ஊரே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள், தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள், பெயின்ட் அடித்த சுவர் எதையும் சொல்லாது. ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம், திருச்சிக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் லிஃப்ட் ஓடுகிறதா, கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா என்று பாருங்கள். எதுவானாலும் 30 வருட வில்லங்கச் சான்று (சொத்து யார் யாருக்குக் கைமாறியது, அடமானம் ஏதும் இருக்கிறதா என்று காட்டும் பதிவுத்துறைச் சான்று) பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்புறம், முதலில் ஒரு மழைக்காலம் அங்கேயே வாடகைக்கு இருந்து பார்க்கலாமே?