எண்ணெயை நிறுத்தியும் டிரைகிளிசரைடு ஏறியது ஏன்?

கேள்வி: இரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதாகத் தெரிந்ததும் எண்ணெய், வெண்ணெய் இரண்டையும் அறவே நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ‘கெட்ட கொலஸ்டிரால்’ எனப்படும் எல்.டி.எல். சற்று இறங்கியிருக்கிறது, இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடோ முன்பைவிட ஏறியிருக்கிறது. இரண்டு முறையும் வெறும் வயிற்றில்தான் இரத்தம் கொடுத்தேன். இது எப்படி?

பதில்: எதை நிறுத்தினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பதிலாக எதைச் சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கொழுப்பை விட்டவர்கள் பசியடங்குவதற்காக மாவுப் பண்டங்களையும் இனிப்பையும் தம்மை அறியாமலே கூட்டிக்கொள்வதுண்டு. தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையின் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பு அமிலமாக மாற்றி, டிரைகிளிசரைடாகக் கட்டி, வி.எல்.டி.எல். என்ற கொழுப்பு சுமக்கும் துகள்களில் ஏற்றி இரத்தத்துக்குள் அனுப்புகிறது. உணவிலிருந்த கொழுப்பைக் குடலிலிருந்து சுமந்துவரும் கைலோமைக்ரான் என்ற துகள்கள் சில மணி நேரத்திலேயே இரத்தத்தை விட்டு நீங்கிவிடுவதால், வெறும் வயிற்றுப் பரிசோதனையில் தெரிவது பெரும்பாலும் கல்லீரல் அனுப்பிய சரக்குதான். மது அருந்தினாலும் டிரைகிளிசரைடு ஏறும்.

எல்.டி.எல். இறங்கியதன் கதை வேறு. கல்லீரல் செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுத்து இரத்தத்திலிருந்து அகற்றுகின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெண்ணெயில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு இவற்றின் வேலையை மந்தமாக்குகிறது. ஆகவே வெண்ணெயை விட்டதில் தவறில்லை.

எண்ணெயை அடியோடு விட்டதுதான் தேவையற்றது. லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரு கொழுப்பு அமிலங்களை உடலால் தயாரிக்க இயலாது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உறிஞ்சவும் கொழுப்பு வேண்டும். நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த தாவர எண்ணெயை அளவாகச் சேர்த்தால் எல்.டி.எல். குறையும். நிறைவுற்ற கொழுப்பு உணவின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டையும், எண்ணெயைச் செயற்கையாகக் கெட்டிப்படுத்தும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு 1 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றுவதோடு ‘நல்ல கொலஸ்டிரால்’ எனப்படும் எச்.டி.எல்.லையும் குறைப்பதால், அது இல்லாமலே இருப்பது உத்தமம்.

இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் குறைத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். கட்டுப்படாத நீரிழிவும் தைராய்டு குறைபாடும்கூட டிரைகிளிசரைடை ஏற்றும் என்பதால் மருத்துவரிடம் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டிரைகிளிசரைடு அளவு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் கணைய அழற்சிக்கு இடமுண்டு. அப்போது அந்தச் சில வாரங்கள்கூடக் காத்திருக்க வேண்டாம்.