பயிற்சியில் கேட்டது வகுப்பறைக்கு ஏன் வருவதில்லை? அறிவியல் ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில், ஆசிரியரின் நம்பிக்கை, அவர் பெற்ற பயிற்சி, அவருடைய வகுப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புகொள்கின்றன என்பதைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பணிமாறுதல், ஊதியம் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (பென்னாகரம் வட்டாரப் பட்டதாரி ஆசிரியை): அம்மா, மாணவரைச் செய்ய வைத்துத்தான் அறிவியல் கற்பிக்க வேண்டும் என்று பி.எட். படிக்கும்போதே உறுதியாக நம்பினேன். பணியில் சேர்ந்த சில மாதங்களிலேயே, எனக்குக் கற்பித்த ஆசிரியரைப் போலவே பாடத்தைப் படித்துக் காட்டி, குறிப்பு எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் நம்பிக்கை உண்மையானதில்லையா?

பதில்: உண்மையானதுதான், ஆனால் அதைவிட வயதில் மூத்த வேறொரு நம்பிக்கையும் உங்களிடம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ வருபவர் அத்தொழிலை அருகிலிருந்து பார்க்காமலே பயிற்சிக்கு வருகிறார். ஆசிரியராக வருபவரோ பள்ளிப் பருவம் முழுவதும் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவருக்கு ஆசிரியர் என்ன செய்தார் என்பது தெரியுமே தவிர, அதை ஏன் தேர்ந்தெடுத்தார், எதை எண்ணிப் பார்த்துக் கைவிட்டார் என்பது தெரியாது. பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டாகிவிட்டது என்றாலும், அந்த நீண்ட பார்வையாளர் பருவத்தோடு ஒப்பிட்டால் அது குறுகிய காலமே. வகுப்பில் சத்தம் கூடும்போதும், பாடப்பகுதி முடியாமல் நிற்கும்போதும், தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நிற்கும்போதும் கை தேடுவது பழைய பழக்கத்தைத்தான்.

ஒருவர் தாம் நம்புவதாகச் சொல்லும் கொள்கையும் அவருடைய செயலிலிருந்து தெரியவரும் கொள்கையும் வேறுபடலாம் என்று கிறிஸ் ஆர்ஜிரிஸ், டொனால்ட் ஷான் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1974லேயே எழுதினார்கள். எனவே இதை உங்கள் நேர்மையைப் பற்றிய கேள்வியாக்கிக்கொள்ள வேண்டாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்றிப் பாருங்கள்: கேள்வி கேட்டபின் 3 நொடி பேசாமல் நில்லுங்கள். அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடியாக நீட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டன, அவர்களே கேள்வி கேட்பதும் கூடிற்று என்றும் கண்டார். இதற்குக் கருவியும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

கேள்வி (பாலக்கோடு, தாவரவியல் படித்த ஆசிரியர்): பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியலும் நான்தான் நடத்துகிறேன். அந்தப் பாடத்தில் சோதனைகளைத் தவிர்த்துவிடுகிறேன். இதற்குக் காரணம் மனப்பான்மையா, பாட அறிவா?

பதில்: பெரும்பாலும் பாட அறிவுதான். பயிற்சி வகுப்புகளில் இது பேசப்படாமலே போவது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. நம் அரசுப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றுள் எதைப் படித்துவிட்டு வந்தவரும் ஆறு முதல் பத்து வரை முழு அறிவியலையும் நடத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒளிச்சேர்க்கை நடத்தும் வகுப்பையும் மின்னோட்டம் நடத்தும் வகுப்பையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரு வேறு ஆசிரியர்களைப் போலத் தெரியும். முன்னதில் கேள்விகளை வரவேற்பீர்கள், புத்தகத்தை மூடி வைப்பீர்கள். பின்னதில் நீங்களே பேசுவீர்கள், புத்தகத்தின் வரியை விட்டு விலகமாட்டீர்கள். எதிர்பாராத கேள்வி வந்துவிடுமோ என்ற அச்சத்தால் வரும் அந்த இறுக்கத்தைப் பார்ப்பவர்கள் “பழமையான மனப்பான்மை” என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் சுட்டிக்காட்டியது இங்கே பொருந்தும். பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கத் தெரிவது மற்றொன்று. இந்தக் குறிப்பிட்ட பாடத்தை இந்த வயதுக் குழந்தைகள் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார்கள், எந்த எடுத்துக்காட்டு அங்கே உதவும் என்பது மூன்றாவதான தனி அறிவு. மின்னோட்டம் பல்பில் செலவாகித் தேய்ந்து குறைவாகத் திரும்புகிறது என்று மாணவர் பலர் நினைப்பார்கள். இது முன்கூட்டியே தெரிந்த ஆசிரியர், பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்து இரண்டிலும் ஒரே அளவு வருவதைக் காட்டுவார். தெரியாதவர் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிக் கணக்குக்குப் போய்விடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனை செய்வதாலேயே வகுப்பு சரியாகிவிடாது. தட்டில் நீர் ஊற்றி, எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடித் தம்ளரால் மூடினால் நீர் உள்ளே ஏறுகிறது. “ஆக்சிஜன் தீர்ந்த இடத்தை நீர் நிரப்பியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது இதனால் தெரிகிறது” என்று முடிக்காத வகுப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. உண்மையில் சுடரால் சூடாகி விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்தபின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. அதே தம்ளருக்குள் இரண்டு மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும். ஆக்சிஜன் அளவு மாறாதபோது இது ஏன் என்று மாணவரிடமே கேட்கலாம்.

உங்கள் பள்ளியிலோ, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்திலோ இயற்பியல் படித்தவர் இருந்தால், அந்த அலகைத் தொடங்கும் முன் ஒரு மாலை அவருடன் உட்காருங்கள். செல் பிரிவு வரும்போது அவர் உங்களிடம் வரட்டும்.

கேள்வி (காரிமங்கலம், தலைமை ஆசிரியர்): பணியிடைப் பயிற்சிக்கு ஆசிரியர்களை அனுப்புகிறோம். திரும்பி வந்தபின் எந்த மாற்றமும் தெரிவதில்லை. பயிற்சியே வீண்தானா?

பதில்: அப்படிச் சொல்லமாட்டேன், பயிற்சியின் வரிசை தவறாக இருக்கிறது. மாநிலக் கருத்தாளர் (பயிற்சி தருபவர்) மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் வட்டாரத்துக்கும் சொல்லி, வாய்வழியாக இறங்கி வருவதற்குள் சோதனைகள் உதிர்ந்து, சொற்களும் படக்காட்சியும் மட்டும் எஞ்சுகின்றன. முதலில் ஆசிரியரின் மனத்தை மாற்றுவோம், பின்பு வகுப்பு தானாக மாறும் என்பது இத்தகைய பயிற்சிகளின் அடிப்படை எண்ணம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் இதைத் தலைகீழாக வைத்தார்: ஆசிரியர் ஒரு புதிய முறையை வகுப்பில் செய்து பார்த்து, தம் மாணவரிடம் முன்னேற்றத்தைக் கண்ணால் கண்ட பிறகே அவர் நம்பிக்கை மாறுகிறது. என் அனுபவமும் இதையே சொல்கிறது. ஐயப்படும் ஆசிரியரைக் கருத்தாளரின் பேச்சு அசைத்து நான் பார்த்ததில்லை. அவருடைய வகுப்பில் எப்போதும் பேசாத ஒரு பையன் எழுந்து கேட்ட கேள்வி அசைத்திருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. அங்கே பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் மாணவர் செய்ய வேண்டிய சோதனைகளைத் தாங்களே செய்து பார்த்தார்கள். பள்ளிகளுக்குக் கருவிப் பெட்டி வந்தது. மாதந்தோறும் கூடிச் சிக்கல்களைப் பேசினார்கள். தேர்வும் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வாக மாற்றப்பட்டது. பயிற்சி, பொருள், கூட்டம், தேர்வு ஆகிய நான்கும் ஒரே திசையில் நின்றதால்தான் அது வேரூன்றியது. 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டுவருகிறது. வரும் கருத்தாளர் செய்து காட்டிவிட்டுப் போகும் நிகழ்ச்சியாக அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் அறிவியல் ஆசிரியர் அவ்வகுப்பில் உடனிருந்து, அடுத்த வாரம் அதே சோதனையைத் தாமே செய்யும்படி பாடவேளை ஒதுக்கிக் கொடுங்கள். தலைமை ஆசிரியர் தரக்கூடிய பயிற்சி இதுவே.

கேள்வி (கிருஷ்ணகிரி, பெற்றோர்): சோதனை, விவாதம் என்று நேரம் போனால் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறையாதா?

பதில்: அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். புத்தகப் பயிற்சி வினாக்களை மனப்பாடம் செய்தால் தேர்ச்சி கிடைக்கும். சற்றே திருப்பிக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஜனவரிக்குப் பின் திருப்புதலுக்கு நேரம் வேண்டும் என்பது நியாயம்தான். ஜூன் மாதத்திலிருந்தே திருப்புதல் நடத்துவதைத்தான் நான் ஏற்கவில்லை.

கேள்வி (தளி ஒன்றிய ஆசிரியர்): எங்கள் மாணவரில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். மெல்லக் கற்போர் என்று பிரித்து, குறைந்தபட்சக் கையேட்டை மட்டும் படிக்க வைக்கிறோம். வேறு வழி உண்டா?

பதில்: அறிவியலைப் பற்றி ஆசிரியர் என்ன நம்புகிறார் என்பதைவிட, மாணவரைப் பற்றி என்ன நம்புகிறார் என்பது வகுப்பை அதிகம் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன மேரி பட் ரோ இன்னொன்றையும் கவனித்தார்: திறன் குறைந்தவர்கள் என்று ஆசிரியர் கருதிய மாணவருக்கு, மற்றவருக்குத் தந்ததைவிடக் குறைவான நேரமே அவர் காத்திருந்தார். யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிறவருக்கே குறைவாகக் கிடைக்கிறது. அவர் விடை சொல்லாமல் நிற்பது ஆசிரியரின் கணிப்புக்குச் சான்றாகிவிடுகிறது.

“ஆவியாதல் என்றால் என்ன?” என்ற கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளை, களத்தில் ராகியை ஏன் பரப்பிக் காய வைக்கிறார்கள், குவித்து வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பரப்பளவையும் காற்றையும் வெயிலையும் தன் மொழியில் சரியாகச் சொல்லிவிடும். அதைக் கன்னடத்திலேயே சொல்ல விடுங்கள். கலைச்சொல்லைக் கடைசியில் கொடுங்கள். மொழிச் சிக்கலை அறிவுக் குறையாக எண்ணி அந்தப் பிள்ளைக்குக் கையேட்டை மட்டும் தருவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (ஊத்தங்கரை, பி.எட். மாணவி): ஆசிரியர்களின் நம்பிக்கைகளை ஆய்வு செய்ய வினாநிரல் போதுமா?

பதில்: போதாது. “மாணவர் செய்து கற்க வேண்டும்” என்ற கூற்றுக்கு எல்லோரும் “முழுமையாக ஏற்கிறேன்” என்றே குறியிடுவார்கள். ஒரு பாடவேளையை நேரில் பாருங்கள், அன்றே அவருடன் உட்கார்ந்து, “அந்த மாணவியின் கேள்வியை ஏன் ஒத்திவைத்தீர்கள்?” என்பதுபோல நடந்ததைப் பற்றியே கேளுங்கள்.

கேள்வி (நல்லம்பள்ளி, ஆசிரியை): கிரகண நேரத்தில் நான் வீட்டில் சமைப்பதில்லை, வெளியே வருவதில்லை. அறிவியல் ஆசிரியை இப்படி இருக்கலாமா?

பதில்: வீட்டு வழக்கம் உங்கள் விருப்பம். ஆனால் 2019 டிசம்பர் 26 போல ஒரு சூரிய கிரகண நாளில் பிள்ளைகளை வகுப்புக்குள் பூட்டி வைத்தால் அந்த வழக்கம் பாடமாகிவிடுகிறது. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்தால் விழித்திரை கெடும் என்பது உண்மையான ஆபத்து, கிரகணம் இல்லாத நாளிலும் உண்டு. உணவு நஞ்சாகும் என்பதற்குச் சான்றில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி, அட்டையில் ஊசித்துளையிட்டுச் சூரியனின் பிம்பத்தைச் சுவரில் விழச் செய்து பாருங்கள். உங்களுக்கே தயக்கமாக இருந்தால் அந்த மணி நேரத்தை உடன் பணியாற்றும் ஆசிரியரிடம் விட்டுவிடலாம்.

கேள்வி (பென்னாகரம் ஒன்றிய ஆசிரியர்): நம் ஊர் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடைப் பற்றிப் பாடம் நடத்த ஆசை. தேர்வுக்கு வராது என்பதால் துணியவில்லை.

பதில்: தனிப் பாடமாக வேண்டாம், அயனிகளும் செறிவும் வரும் இடத்தில் எடுத்துக்காட்டாக வையுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதி என்பது இந்தியத் தர நிர்ணயம். பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைகிறது என்பதையும், கொதிக்க வைத்தால் அது போகாது, நீர் வற்றச் செறிவு கூடவே செய்யும் என்பதையும் அவர்களே ஊகிக்க விடுங்கள். ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளை நீருக்குப் பதிலாக ஆற்று நீரைத் தருவதே 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கம் என்பதால், வீட்டில் குடிப்பது ஆற்று நீரா ஆழ்துளை நீரா என்று விசாரித்து வரச் சொல்லலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பல்லில் பழுப்புக் கறை உள்ள மாணவர் வகுப்பிலேயே இருப்பார். பல் எனாமல் உருவாகும் சிறுவயதில் குடித்த நீரால் வருவது அது, பல் துலக்காததால் வருவதன்று என்பதை முதலிலேயே பொதுவாகச் சொல்லிவிடுங்கள்; எவரையும் சுட்டிக்காட்டி எடுத்துக்காட்டாக்க வேண்டாம்.