தலைக்கணக்கும் டன் கணக்கும்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போனோம். அடிவாரத்திலேயே கார் வரிசை தொடங்கிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஊர்ந்து ஏறி ஏரிக்கரைக்குப் போனால் நிற்க இடமில்லை. உலகமே இப்படித்தானே ஆகிவிட்டது என்று தோன்றியது. 800 கோடிப் பேரை இந்தப் பூமி எப்படித் தாங்கும்? வெயில், வெள்ளம், தண்ணீர்ப் பஞ்சம் எல்லாவற்றுக்கும் வேர் மனிதர்கள் பெருகியதுதான். எழுத்தாளர்கள் ஏன் இதைச் சொல்லத் தயங்குகிறீர்கள்? ஊட்டி, கொடைக்கானல் போல ஏற்காட்டுக்கும் இ-பாஸ் வந்தால் என்ன?

எஸ்., அஸ்தம்பட்டி

அன்புள்ள எஸ்.,

தயக்கம் ஒன்றும் இல்லை. மக்கள்தொகை பெரிய காரணம்தான். 1950இல் சுமார் 250 கோடி; 2022 நவம்பரில் 800 கோடி. ஒரே ஆயுளுக்குள் மூன்று மடங்குக்கும் மேல். இதற்கு முன் எந்தக் காலத்திலும் இப்படி நடந்ததில்லை. ஆனால் அதை எல்லாவற்றுக்கும் வேர் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தகராறு.

அதே காலத்தில் மற்றவை எத்தனை மடங்கு ஆயின என்று பாருங்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கு 600 கோடி டன்னிலிருந்து சுமார் 3,700 கோடி டன்னுக்குப் போனது, ஆறு மடங்கு. சிமென்ட் ஏறக்குறைய முப்பது மடங்கு. பிளாஸ்டிக் 20 லட்சம் டன்னிலிருந்து 40 கோடி டன்னைத் தாண்டியது, இருநூறு மடங்கு. தலைகள் மூன்று மடங்குதான் கூடின. மிச்சத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் சேலத்துக் கதையே இதற்குப் பதில் சொல்லும். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் வேலையை விட்டுவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். கனிமம் சேலத்துப் பக்கத்து மலைகளுடையது. உருக்குவதற்கு மரக்கரி. உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. கரிக்கு வெட்டும் மரம் தூரம் தூரமாய்ப் போய்க்கொண்டே இருந்ததும் அந்த ஆலை நொடித்ததற்கு ஒரு காரணம். ஆலை தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கலெக்டர் காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்திருந்தார். தோட்டங்கள் பெருகப் பெருக மேல்மலைக் காடு சுருங்கியது. 1860களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கும் என்ஜின் அடுப்புக்கும் மரம் வேண்டும். சென்னை மாகாணக் காடுகளுக்குப் பொறுப்பேற்றிருந்த ஹியூ கிளெக்ஹார்ன் அப்போதே இதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்.

அப்போது சேலம் ஜில்லாவில் எத்தனை பேர்? 1871 கணக்கெடுப்பில் இருபது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்த பழைய பெரிய ஜில்லா அது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1881இல் எடுத்த கணக்கில் அது 16 லட்சமாகிவிட்டது. பத்தே வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜனம் குறைந்ததே, காப்பித் தோட்டங்கள் காடாகத் திரும்பினவா? இல்லை. காட்டைக் கேட்டவர்கள் கணக்கெடுப்பில் இல்லாதவர்கள். அவர்கள் லண்டனில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான். சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் போயிருப்பீர்கள். அங்கே வெட்டும் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைச் சூளையில் போட்டுச் சுட்டால் எடையில் பாதிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். எரிபொருளின் புகை தனி. நான் சொல்வது கல்லுக்குள்ளேயே பூட்டிக்கிடந்த கார்பன். மிஞ்சுகிற மக்னீசியாவைச் செங்கல்லாக்கி உருக்காலை உலைகளுக்கு உள்ளே பதிப்பார்கள், அந்தச் சூட்டைத் தாங்க வேறு கல் அதிகம் இல்லை. அந்த உலையில் உருகும் எஃகு எங்கோ பாலமாகும், யாருக்கோ காராகும். குழி மட்டும் நம் ஊரில். சிமென்டிலும் இதே சங்கதிதான், சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே புகையை விடுகிறது.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடம் சாப்பாடு. ஒருவன் பத்துக் கார் வைத்துக்கொள்ளலாம், பத்து வயிறு வைத்துக்கொள்ள முடியாது. இங்கே தலைக்கணக்கு நேராகவே பேசும். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டுபிடித்தார், 1913இல் ஜெர்மனியில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்த உரம்தான். ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வயலில் போடும் யூரியாவும் அந்த வழியில் வந்ததே. பயிர் எடுத்தது போக மிச்சம் ஆற்றில் கலந்து, கடலில் பாசியைப் பெருக்கி, மீனுக்கு மூச்சு இல்லாமல் செய்கிறது. அந்த உரம் இல்லையென்றால் இன்னும் எவ்வளவு காட்டை வெட்டியிருப்போம் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு ஒரு முடிவான தீர்ப்பு கிடையாது.

2018இல் வந்த ஓர் ஆய்வு, உலகத்தின் பாலூட்டிகளை எல்லாம் எடையில் கணக்கிட்டது. நூறு கிலோ என்று வைத்தால் மனிதர்கள் 36 கிலோ, மாடு பன்றி முதலான வளர்ப்புப் பிராணிகள் 60 கிலோ, திமிங்கிலம் யானை எல்லாம் சேர்த்துக் காட்டுயிர் வெறும் 4 கிலோ. எஸ்டேட்டுக்குள் காட்டெருமை வந்துவிட்டது என்று ஏற்காட்டில் கூச்சல் போடும்போதெல்லாம் அந்த 4 கிலோதான் எனக்கு ஞாபகம் வரும்.

அப்புறம் யாருடைய தலை என்ற கேள்வி. சராசரி அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார், சராசரி இந்தியர் 2 டன். நம் நாட்டுச் சராசரிக்குள்ளேயும் உங்களையும் என்னையும் சேர்க்க முடியாது, நாம் மேல்தட்டு. மூன்று பிள்ளை பெற்ற கருமந்துறை மலைக்கிராமக் குடும்பத்தைக் காட்டி "இவர்களால்தான்" என்று ஒற்றைப் பிள்ளைக்காரர் காரில் இருந்தபடி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை, ஆனால் "எல்லாவற்றுக்கும் வேர்" என்ற வாதம் பெரும்பாலும் அங்கேதான் போய் இறங்குகிறது.

இத்தனைக்கும் எண்ணிக்கை வளைந்து கொடுக்கத் தொடங்கிவிட்டது. உலக மக்கள்தொகை வளர்ச்சி 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டியது, இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. எண்ணிக்கை நிலையாக இருக்கவே 2.1 வேண்டும். பெண்கள் படித்தார்கள், பிறந்த குழந்தைகள் பிழைத்தன, ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் வந்தது. யாரையும் மிரட்டாமலேயே பெரும்பாலும் இது நடந்தது. பிளாஸ்டிக்கில் அப்படி ஒரு வளைவை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது இருக்கிறது. ஏற்காட்டுக்கு வந்தாலும் நான் ஆதரிப்பேன். கவனித்தீர்களா, அந்தப் பாஸ் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. அரசுப் பேருந்தில் போகிறவருக்குத் தேவையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து மலைக்குப் பேருந்தை இரட்டிப்பாக்கி, கார்களை மலைப்பாதைக்கு முன்னால் கோரிமேட்டோடு நிறுத்தச் சொல்லி நீங்கள் ஒரு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இப்போது வருகிற அத்தனை பேரும் வரட்டும்.