டர்ஃப் போடுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

டர்ஃப் என்பது செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் வலை கட்டிய சிறு மைதானம். வலைக்குள் ஆடும் பாக்ஸ் கிரிக்கெட், ஐவர் கால்பந்து, மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் பிக்கிள்பால் என்று விளையாடும் இடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தொழில் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பைபாஸ் ஓரம் 100-க்கு 60 அடி இடம் இருக்கிறது. கரிசல் மண். ஒரே வாரத்தில் போட்டுத் தருவதாக கான்ட்ராக்டர் சொல்கிறார். 40 மி.மீ. உயரப் புல் நல்லதா, 50 மி.மீ. நல்லதா?
– வாசகர், கோவில்பட்டி

புல் விரிக்க ஒரு வாரம் போதும். அதற்குக் கீழே இருக்கிற வேலைக்குத்தான் போதாது. கரிசல், மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன் மேல் நேராக ஜல்லியைக் கொட்டினால், முதல் ஐப்பசி மழை முடிந்ததும் தரை மேடும் பள்ளமுமாகி, புல்லின் ஒட்டு வாய் பிளக்கும். ஒன்றரை முதல் இரண்டு அடி வரை கரிசலைத் தோண்டி வெளியேற்றிவிட்டு கிராவல் நிரப்புங்கள். அரையடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு ரோலர் ஓட வேண்டும். மொத்தமாக நிரப்பிவிட்டு மேலே மட்டும் ரோலர் ஓட்டுவது கண்துடைப்பு. அதற்கு மேல் ஆறு அங்குலத்துக்கு 40, 20 மி.மீ. ஜல்லி, கடைசியாக ஓர் அங்குலம் சன்னச் சிப்ஸ்.

நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வாட்டம் வேண்டும்: 30 அடிக்கு மூன்றரை அங்குலம். புல் வருவதற்கு முன் ஒரு டேங்கர் தண்ணீரை அடித்துவிட்டு, அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். தேங்கிய இடத்தையெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் வட்டமிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். பத்தடி மட்டப்பலகையை எங்கே வைத்தாலும் அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. இந்த இரண்டும் முடியாமல் அடுத்த தவணைப் பணம் கைமாறக் கூடாது.

புல் பெரும்பாலும் 4 மீட்டர் அகல ரோலாக வரும். உங்கள் 60 அடி என்பது 18.29 மீட்டர். நீளவாக்கில் விரித்தால் ஐந்து ரோல் வேண்டும், ஓரத்தில் வெட்டி எறிவது சுமார் 560 சதுர அடி. குறுக்குவாக்கில் எட்டுத் துண்டு போட்டால் கழிவு 300 சதுர அடிக்குள் நின்றுவிடும். ஆனால் ஒட்டு நான்கிலிருந்து ஏழாகும், ஒட்டுகிறவர் கை சுத்தமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில், தரையில் ஈரம் இருக்கும்போது ஒட்டவே விடாதீர்கள். பசை பிடிக்காது.

கிரிக்கெட் பிரதானம் என்றால் 40 போதும். கால்பந்துதான் அதிகம் என்றால் 50. இதைவிட முக்கியம் உள்ளே போடும் மணல். கழுவிக் காயவைத்த சிலிகா மணல், சதுர மீட்டருக்கு 15 கிலோ என்றால் உங்கள் இடத்துக்கு எட்டரை டன் வரும். போட்டால் புல்லுக்குள் ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்கும். எம்-சாண்ட் மலிவு என்று அதைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அதன் தூசி இறுகி, புல்லின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடும். விழுந்தால் முட்டி தேயும்.

ஆடிக்காற்றில் ஒரு பக்கக் கம்பங்கள் மட்டும் வலையோடு சாய்ந்துவிட்டன. நான்கு பக்கமும் ஒரே அளவு கான்கிரீட்தான். காரணம் என்ன?
– வாசகர், பொள்ளாச்சி

நீங்கள் அனுப்பிய படத்திலேயே விடை இருக்கிறது: சாய்ந்த பக்கத்தில்தான் நகைக்கடை பேனர் கட்டியிருக்கிறீர்கள். வலைக்குள் காற்று புகுந்து போய்விடும், ஃபிளெக்ஸில் புகாது. மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று, 20-க்கு 6 அடி பேனரை ஏறத்தாழ 270 கிலோ பாரத்தோடு தள்ளும். அதை 25 அடி உயரத்தில் கட்டினால் கம்பத்தின் அடி என்ன பாடுபடும்! நடுவில் நாலு ஓட்டை போடுவதால் பெரிய பயன் இல்லை.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊரில் விளம்பரம் மூன்றடி உயரத்துக்குள் இருக்கட்டும். கம்பத்துக்குக் கம்பம் 15 அடி, குழி குறைந்தது நாலடி, மூலைக் கம்பங்களுக்குச் சாய்வு முட்டு, உச்சியில் சுற்றிலும் இரும்புக் கயிறு. பேனரை நைலான் கயிற்றால் கட்டாமல் கேபிள் டையால் கட்டுங்கள். பெருங்காற்றில் டை அறுந்து பேனர் போகும், கம்பம் நிற்கும்.

நில உரிமையாளர் 11 மாத ஒப்பந்தம்தான் போடுவேன், வருடா வருடம் புதுப்பிக்கலாம் என்கிறார். நல்ல மனிதர். 25 லட்சம் போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

கூடாது. நல்ல மனிதருக்கும் வாரிசுகள் இருப்பார்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பத்திரத்தாளில் ஆறு வருடம் என்று எழுதிப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால், அந்த ஆறு வருடம் நீதிமன்றத்தில் நிற்காது. மாதக் குத்தகையாகவே கருதப்படும். அதைச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸில் முடித்துவிடலாம். நன்றாகப் பராமரித்தால் புல் ஐந்தாறு வருடம் உழைக்கும். குத்தகை அதற்குக் குறைவாக இருப்பதில் அர்த்தமில்லை. முத்திரைத்தாள், பதிவுச் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம், புல்லுக்குப் போகும் பணத்தில் அது சிறு பகுதிதான். பத்திரத்தில் இரண்டு வரி அவசியம்: இத்தனை வருடம் உரிமையாளர் காலி செய்யச் சொல்லக் கூடாது, காலி செய்யும்போது கம்பம், விளக்கு, புல் எல்லாம் உங்களுடையவை. வில்லங்கச் சான்று பாருங்கள். பட்டாவில் நஞ்சை என்றிருந்தால் நிலப் பயன்பாடு மாற்றாமல் தொடங்காதீர்கள்.

கணக்குப் போடும்போது 16 மணி நேரம் ஓடும் என்று எழுதாதீர்கள். நண்பகல் வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வார நாளில் நீங்கள் விற்பது மாலை ஆறு முதல் பத்து வரைதான். அந்த நாலு மணி நேரத்து வருமானத்தில் வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் அடைபட்டால் இறங்கலாம்.

மாதம் இரண்டரை லட்சம் வரவு. ஜிஎஸ்டி கட்டாயமா? 6 சதவீதம் மட்டும் கட்டினால் போதும் என்கிறாரே நண்பர்? புக்கிங் செயலியிலும் இருக்கிறோம்.
– வாசகர், சேலம்

ஆண்டுக்கு 30 லட்சம் ஆகிறது. சேவைத் தொழிலுக்கு எல்லை 20 லட்சம், ஆகவே கட்டாயம். நண்பர் சொல்வது காம்போசிஷன் திட்டம்: 50 லட்சம் வரை சேவைக்கு 6 சதவீதம், ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. உங்களுக்கு இடறுவது செயலிதான். பணத்தை வாங்கி வரி பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும் செயலி வழியே சேவை விற்பவர் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. செயலியை விடுங்கள், அல்லது வழக்கமான 18 சதவீத வரிக்குப் போங்கள். 800 ரூபாய் ஸ்லாட் வரியோடு சேர்த்த விலை என்றால் உங்கள் கைக்கு வருவது 678 ரூபாய். விலைப்பலகை எழுதுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்துவிடுங்கள்.

இறுதிப்போட்டி அன்று டர்ஃபில் பெரிய திரை கட்டி, தலைக்கு 50 ரூபாய் டிக்கெட் போட நினைக்கிறோம். வீட்டு டிஷ் இணைப்பே போதும்தானே?
– வாசகர், தஞ்சாவூர்

போதாது. ஒளிபரப்பைக் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டினால், அனுமதி இல்லாதவரை அது 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மீறல். வீட்டு இணைப்பு வீட்டுக்கு மட்டும். ஒளிபரப்பு நிறுவனத்திடம் பொதுத்திரையிடல் அனுமதி எழுத்தில் கேளுங்கள். இடைவேளையில் பாட்டுப் போடுவதாக இருந்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாடல் வரிக்கும் இசைக்கும் இன்னொன்று. இன்னொரு விஷயம்: நாற்காலியை நேராகப் புல்லில் போடாதீர்கள். ஆள் உட்கார்ந்ததும் கால்கள் மணலுக்குள் குத்தி இறங்கும். பிளைவுட் பலகை விரித்து அதன் மேல் போடுங்கள்.

டர்ஃப் பக்கத்தில் 60-க்கு 30 அடி மிச்சம் இருக்கிறது. மிஞ்சிய புல்லை விரித்து பிக்கிள்பால் கோர்ட் ஆக்கலாமா?
– வாசகர், ஈரோடு

இடம் சரியான அளவு. கோடு 44-க்கு 20 அடி, பாட்மின்டன் இரட்டையர் கோர்ட் அளவேதான். மீதி ஓடி அடிப்பதற்கு. ஆனால் அதற்குப் புல் ஆகாது, துளை போட்ட அந்தப் பிளாஸ்டிக் பந்து புல்லில் எழும்பாது. கான்கிரீட் போட்டு, 28 நாள் தண்ணீர் காட்டி உலரவிட்டு, அக்ரிலிக் பூச வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் பூசினால் கொப்புளம் கிளம்பும். வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. மட்டையில் பந்து படும் சத்தம் கூர்மையானது. மதிலுக்கு அந்தப் பக்கம் படுக்கையறை இருந்தால், இரவு ஒன்பதரைக்கு மேல் அந்த கோர்ட்டுக்கு ஸ்லாட் திறக்காதீர்கள்.